இலை புதைக்கும் கைக்கும் ஒரு பேர் போடுங்கள்



நெடுந்தீவைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அங்கே தேயிலையும் இல்லை, லயமும் இல்லை. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் கடலை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் தரை. ஓர் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு சவர்தான். குடிக்கிற தண்ணீர் பவுசரில் வரும்வரை குடத்தோடு காத்திருந்த காலம் தீவுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கடல்மட்டம் உயர உயர அந்த நன்னீர்ப் படை இன்னும் மெலியும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை நாம் மறக்க மாட்டோம். நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் மலையகத்து மண்சரிவில் புதைந்தவர்கள். அதே புயலில் வடக்கு வெள்ளத்தில் கிடந்தது. அவர்களுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

பூமி ஏன் சூடாகிறது? நிலக்கரி, டீசல், பெற்றோல் எரித்ததிலும் காடு அழித்ததிலும் வரும் புகைவாயு, பூமிக்கு மேலே ஒரு கம்பளியைப் போர்த்தியதுபோல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் காபனீரொட்சைட்டு என்று படிப்பது அதைத்தான். தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரம்தான் ஒரே இரவில் மலையில் கொட்டுகிறது.

இதில் விவசாயத்துக்கும் பங்கு உண்டு. விவசாயம், காடழிப்பு, நிலப் பயன்பாடு எல்லாம் சேர்த்து, உலகம் வெளிவிடும் வெப்ப வாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். யூரியா போட்ட மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டு கிளம்புகிறது. அது காபனீரொட்சைட்டைப் போல 270 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கும். தண்ணீர் தேங்கிய வயலிலிருந்தும் மாட்டு வயிற்றிலிருந்தும் மெதேன் வருகிறது. நமது தேயிலை மலைகளும் ஒரு காலத்தில் பெருங்காடுகள். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக அவை வெட்டப்பட்டன. வெட்டியதில் நமது பாட்டன் பூட்டன் கைகளும் இருந்தன. வெட்டச் சொன்னவர்கள் வேறு ஆட்கள்.

ஆனால் காற்றுக்குப் போனதில் ஒரு பகுதியை மண்ணால் திரும்ப வாங்க முடியும். இலை, கொப்பு, சாணம் மண்ணுக்குள் போய் மட்கினால் அதிலுள்ள காபனில் ஒரு பகுதி அங்கேயே தங்கும். அப்படிப்பட்ட மண் ஈரத்தைப் பிடிக்கும், உரமும் குறைவாகக் கேட்கும்.

தீவுப்பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் இதை யாரும் பருவநிலைத் திட்டம் என்று சொல்லிச் செய்யவில்லை. அங்கே 'தோட்டம்' என்றால் கொம்பனித் தோட்டம் அல்ல. ஒரு குடும்பம் கிணற்றடியில் மிளகாய், வெங்காயம், புகையிலை வைக்கும் சில பரப்புக் காணி. அதில் கான் வெட்டிப் பனையோலையைப் புதைப்பார்கள். வேலியில் நிற்கும் பூவரசிலிருந்து தழை வெட்டித் தாழ்ப்பார்கள். வெறும் காணியில் ஆட்டையும் மாட்டையும் இரவில் பட்டியடைத்து எரு சேர்ப்பார்கள். பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, அது தலைமுறை தலைமுறையாக நிற்கும். இன்று அங்கேயும் யூரியா மூட்டை நுழைந்துவிட்டது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏறியது அப்படித்தான். யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்து போனபின் பல காணிகள் தரிசாகவே கிடக்கின்றன. பனை இருக்கிறது, ஓலை இருக்கிறது. புதைக்கக் கைதான் இல்லை.

இதே தீவுகளில் சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு எத்தனை போட்டி! 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க முடிவானது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் இந்திய மானியத்தோடு வேறு உடன்படிக்கை வந்தது. டீசல் எஞ்சின் ஓட்டம் குறைந்தால் நல்லதுதான். ஆனால் ஓலை புதைக்கும் வேலைக்காக இரண்டு வல்லரசுகள் சண்டை பிடித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

நமது கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அடுத்த சில வாரங்களில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. மண்ணைக் காக்கிறோம் என்றார்கள். கூட்டுப்பசளை எங்கே, அதை யார் செய்வது, எத்தனை நாள் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டினி போட்ட செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. நவம்பரிலேயே தடையைக் கைவிட்டார்கள், ஆனால் செடி உடனே எழும்பவில்லை. மலையில் கொழுந்து இல்லை, தராசில் கிலோ இல்லை, செக்ரோலில் அரைப் பேர். அந்த அரைப் பேரை எவரும் நமக்குத் திருப்பித் தரவில்லை.

இப்போதும் அறிவுரைக்குக் குறைவில்லை. கவ்வாத்து வெட்டிய கொப்பை மலையிலேயே போடுங்கள், விறகுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறார்கள். மண்ணுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. அப்படியானால் லயத்து அடுப்பில் எதை வைப்பது? பதில் சொல்லாமல் விறகுக் கட்டை மட்டும் தடுத்தால், உலகச் சூட்டைக் குறைக்கும் செலவு நம் வீட்டு அம்மாவின் தலையில் விழுகிறது. காஸ் அடுப்பையும் அதற்கான மானியத்தையும் முதலில் கொடுங்கள், பிறகு கொப்பைக் கேளுங்கள்.

கூட்டுப்பசளை போடுவதும், முருக்கையும் கிளிசரியாவையும் நட்டுத் தழை வெட்டுவதும், கான் வெட்டி மண் அரிப்பை நிறுத்துவதும் கைவேலை. கிலோக் கணக்கில் அது தராசில் நிற்காது. ஆகவே அந்த வேலைக்குப் போகும் நாளுக்குக் கிலோப் பார்க்காமல் முழுப் பேர் போட வேண்டும். மரம் நட்டதாகவும் மண் காத்ததாகவும் சொல்லிக் கொம்பனிகள் வெளிநாட்டில் நல்ல விலையோ காபன் பணமோ வாங்கினால், அந்தக் கணக்கும் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டும்.

அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன் தோட்டக் கமிட்டிகள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்தெந்த மலையில் நிழல்மரம் நிற்கிறது, எங்கே வெட்டிவிட்டார்கள், கான்கள் கடைசியாகத் துப்புரவானது எந்த மாதம், கூட்டுப்பசளைக்கு எத்தனை பேரைப் போட்டார்கள், அவர்களுக்கு முழுப் பேரா அரைப் பேரா என்று எழுதி, தலைவர்மார் வழியாகக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மண்சரிவு அபாயம் உள்ள லயங்களின் இலக்கத்தையும் அதே தாளில் குறியுங்கள்.