தலையெழுத்தா, தட்டெழுத்தா?

"கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து திரும்புகிறவர்கள் நாட்டிலே எத்தனை பேர்! உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்கப் போன மூதாட்டிக்கு அதே பதில். குடும்ப அட்டையில் மகன் பெயர் எங்கே என்று கேட்கப் போன தகப்பனுக்கும் அதே பதில். பாட்டன் காலத்தில் "தலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார்கள். எழுதியவன் யார் என்று கேட்டால் பாவம் என்றார்கள். கேட்டோம், அந்த எழுத்து அழிந்தது. இப்போது தலையிலிருந்து இறங்கித் திரையிலே ஏறியிருக்கிறது எழுத்து. அன்று தலையெழுத்து, இன்று தட்டெழுத்து. தட்டியது ஒரு மனிதனின் விரல்தான், தோழர்களே! விரல் தட்டியதை விரல் திருத்தலாம். ஆனால் அதைக் கேட்டுப் பெற, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்ற அடிப்படை அறிவு பாட்டாளிக்கு வேண்டும்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரியிலே படகு விட்டு, படம் பிடித்துக்கொண்டு, மாலையில் இறங்கிவிடுகிற சீமான்கள் செம்மநத்தம் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் அதுவும் ஒன்று. சவுக்கு மர நிழலிலே காப்பி, மரத்தைத் தழுவிய மிளகுக்கொடி, பனியிலே கூடை சுமக்கும் தாய்மார். இதுதான் அந்த மலையின் வாழ்வு. "இவர்களுக்குக் கணினி எதற்கு?" என்று கேட்கும் கண்ணியவான்கள் உண்டு. இவர்கள் கணினியைத் தொட்டதில்லையே தவிர, கணினி இவர்களை எப்போதோ தொட்டுவிட்டது. ரேஷன் கடையிலே கணினி, சாதிச் சான்றிலே கணினி, பட்டாவிலே கணினி, வங்கிக் கணக்கிலே கணினி!

செம்மநத்தத்திலே ஓர் அடிப்படை வகுப்பு தொடங்கினால் முதல் நாள் எதைச் சொல்லித் தருவது? பல பயிற்சி நிலையங்களில் முதல் நாளே நாலெழுத்துச் சுருக்கங்களை நெட்டுருப் போடச் சொல்கிறார்கள். எந்தப் பொத்தானை அமுக்கினால் எது வரும் என்பதோடு பாடம் முடிகிறது. பொத்தான் இடம் மாறினால் படிப்பும் போயிற்று! மந்திரத்தை மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

காப்பிக் காட்டிலிருந்தே தொடங்கலாமே. மாலையிலே கூடையைத் தராசில் வைக்கிறார்கள். ரைட்டர் எண்ணை எழுதிக்கொள்கிறார். 42 என்ற அந்த எண் மட்டும் தனியே நின்றால் அது வெறும் தரவு. யாருடைய 42, என்றைய 42, கிலோவா ரூபாயா என்று சேர்ந்தபிறகுதான் அது தகவல். வாரக் கடைசியில் அந்த எண்களைக் கூட்டிக் கூலி போடுகிறாரே, அதுதான் செயலாக்கம். செக்ரோல் ஏடுதான் நினைவகம். தராசு பொய் சொன்னால் ஏடு பொய் சொல்லும். ஏடு பொய் சொன்னால் கூலி குறையும். தவறான தரவைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும் என்று கணினி வல்லுநர்கள் சொல்வதன் பொருள் இவ்வளவே. தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கத் தெரிந்த நம் தாய்மாருக்கு இது புரியாது என்று எவன் சொல்வது?

தரவுக்கும் தகவலுக்கும் உள்ள வேற்றுமைக்கு அந்த மலையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. அங்கு வாழும் பழங்குடியினரின் இனப்பெயர் 'மலையாளி'. கேரளத்தாருக்கும் அதே பெயர். தமிழ் பேசும் மலைவாழ் மக்களுக்கும் மலையாள மொழி பேசுவோருக்கும் ஒரே சொல்! கணினிக்கு இரண்டும் ஒன்றே. எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் பொருளைத் தருகிறது. தாய்மொழிக் கட்டத்தில் விழுந்தால் ஒரு பொருள். இனக் கட்டத்தில் விழுந்தால் வேறு பொருள். அந்த இனக் கட்டத்தோடு மாவட்டமும் சேரவேண்டும். அட்டவணையில் சேலத்து மலையாளிக்கு இடம் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலே வாழ்கிற மலையாளிகளோ அந்தச் சான்றுக்காகப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். சொல் ஒன்று, மாவட்டம் என்ற கட்டம் வேறு, வாழ்வே வேறு! இதைவிடச் சிறந்த கணினிப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அடுத்து, எண். கணினிக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: ஒன்று, சுழியம். விளக்கு எரிகிறது, அணைகிறது; அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு உலகையே எழுதிவிட முடியுமா என்று மலைக்க வேண்டாம். கையை நீட்டுங்கள். கட்டை விரலுக்கு 1, அடுத்ததற்கு 2, பிறகு 4, 8, 16. நீட்டிய விரல்களைக் கூட்டினால் ஒரு கையிலேயே 31 வரை எண்ணலாம். இரு கைகளிலும் 1023 வரை! பத்து விரலால் பத்துதான் எண்ண முடியும் என்று நினைத்திருந்தோமே!

எழுத்துகளையும் கணினி எண்ணாகவே வைத்திருக்கிறது. யூனிகோட் முறையில் 'ர' என்பதற்கு 2992. 'ற' என்பதற்கு 2993. ஒன்றே ஒன்றுதான் வேறுபாடு. ஓர் அட்டையில் 'மாரி' என்றும், மற்றோர் ஆவணத்தில் 'மாறி' என்றும் ஏறிவிட்டால், அழைக்கும்போது நாம் ஒருவரையே அழைக்கிறோம்; கணினிக்கோ இருவர்! எண்ணோடு எண்ணை ஒப்பிடுகிறது, பொருந்தவில்லை, நிறுத்திவிடுகிறது. அதற்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. (கணினிப் பாடநூலில் 'மாறி' என்று வேறொரு கலைச்சொல் இருக்கிறது. அது கிடக்கட்டும்.) மாரியின் தொகை நின்றது விதியால் அல்ல, ஒரு விரல் விசை பிசகியதால் என்று தெரிந்தவர், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதிலோடு திரும்புவாரா? "எந்த எழுத்து தவறு? யார் திருத்தவேண்டும்? எத்தனை நாளில்?" என்றல்லவா கேட்பார்!

இதற்கெல்லாம் ஆங்கிலம் வேண்டும் என்று மிரட்டுவோருக்கு ஒரு கணக்கு. அமெரிக்கர்கள் 1963-இல் எழுத்துக் குறியீட்டு முறையை வகுத்தபோது 128 இடங்கள். ஆங்கிலம் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. தமிழுக்கு 1991-இல் யூனிகோடில் இடம் கிடைத்தது, பின்வரிசையில். அதனால் இன்று இணையத்தில் மிகுதியாக வழங்கும் முறையிலே 'காப்பி' என்று தமிழில் எழுதிவைக்க 18 பைட் வேண்டும். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு 6 போதும். முந்தி வந்தவன் முறை வகுத்தான்! ஆனால் எழுதுவதில் என்ன ஆயிற்று? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. க, ஆ, ப, ப, இ என்று தட்டினால் 'காப்பி'. நடுவிலுள்ள புள்ளியைப் பலகையே இட்டுக்கொள்ளும். தமிழில் ஐந்து விசை, ஆங்கிலத்தில் ஆறு! உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்ற நம் இலக்கணமே அங்கே பொறியாகி நிற்கிறது.

எந்திரத்தைக் கண்டு தொழிலாளி அஞ்சியது உண்டு. 1960-களில் கல்கத்தாவிலே ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினி உள்ளே வரக்கூடாதென்று போராடினார்கள். வேலை போகுமே என்ற அந்த அச்சத்தை எள்ளி நகையாட மாட்டோம். அது வயிற்றின் அச்சம். ஆனால் கணினி வந்துவிட்டது. இனி அதன் மொழி அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையேதான் வழக்கு.

பள்ளியில் வழி இல்லாமல் இல்லை. பதினோராம் வகுப்பிலே கணினி அறிவியல் தமிழிலேயே இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுக் கணினிப் பயிற்சி இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எட்டாவதோடு கூடை தூக்கிய பெண்ணுக்கு? நாற்பது வயதுத் தொழிலாளிக்கு? 1991-இல் புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் அந்த மாவட்டத்துப் பெண்கள். அதைப்போல் ஒன்று மலையிலே வேண்டும். அரசு செய்யட்டும், கேட்போம். அதுவரை நம் படிப்பகங்கள் என்ன செய்கின்றன? அன்று ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க ஐம்பது பேர் கேட்டார்களே, அந்தத் திண்ணையிலே ஒரு கணினியை வையுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பிகள் விடுமுறையில் வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

முதல் வாரத்து வீட்டுப்பாடம் இதுவாக இருக்கட்டும்: வகுப்புக்கு வந்த ஒவ்வொருவரும் தம் குடும்ப அட்டையை, சாதிச் சான்றை, வங்கிப் புத்தகத்தை அருகருகே வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். எங்காவது ஒரு 'ர' 'ற'வாக இருந்தால், மறுநாள் காலை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு. தொலைவில் இல்லை, ஏற்காட்டில்தான் இருக்கிறது.