பழைய ஜன்னலைச் சுரண்டும் முன்...

வளைகாப்புக்கு நாள் குறித்ததும், பல வீடுகளில் சீர்வரிசைப் பட்டியல் போடுவதற்கு முன்பே பெயின்டரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு மகள் வருகிறாள். நாலு பேர் வந்துபோவார்கள். பேரனோ பேத்தியோ தவழப்போகும் கூடம். பச்சை பெயின்ட் உரிந்து நிற்கும் கதவையும், செதில் செதிலாகப் பெயர்ந்த ஜன்னல் கம்பிகளையும் அப்படியே விட மனசு வருமா?

நல்ல எண்ணம்தான். ஆனால், வேலை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். பெயின்டர் உப்புத்தாளை எடுத்துப் பழைய பூச்சை வறட்சியாகவே தேய்க்கிறார். மாவு போலத் தூசி கிளம்பித் தரையிலும் மெத்தையிலும் படிகிறது. சாயங்காலம் அதை நாம் துடைப்பத்தால் பெருக்கி, மறுபடியும் காற்றில் கிளப்புகிறோம். மாசமாக இருக்கும் பெண் பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். அந்தத் தூசியில் என்ன இருக்கலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

பெயின்டுக்குள் ஈயம்

பெயின்டில் ஈயம் சேர்த்ததற்குக் காரணங்கள் உண்டு. நிறம் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் காயும், மழைக்கும் துருவுக்கும் தாங்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல் பெயின்ட்களிலும், இரும்புக்கு அடித்த பழைய ‘ரெட் லெட்’ பிரைமரிலும் ஈயச் சேர்மங்கள் தாராளமாகவே இருந்தன. கதவு, ஜன்னல், கிரில், கட்டில், தொட்டில் என எனாமல் அடித்த இடங்களில்தான் கவனம் தேவை. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தப் பிரச்னை இல்லை.

இந்தியாவில் இதற்கான விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல், அதாவது 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. அதற்கு முன்பு விற்ற பல எனாமல் பெயின்ட்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்தது. ஆகவே, நூறு வருடத்து ஓட்டு வீடுதான் ‘பழைய வீடு’ என்று நினைக்க வேண்டாம். 2017-க்கு முன் எனாமல் பூசிய எந்த வீடும் இந்தக் கணக்கில் வரலாம். புதிதாக ஒரு கோட் அடித்துவிட்டாலும், பழைய கோட் அடியில் அப்படியேதான் இருக்கும்.

“அப்போ ஈயச்சொம்பு ரசம்?” என்று கேட்பீர்கள். ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். நாம் பேசுவது காரீயம். பெயர் ஒட்டினாலும் இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் கலந்த போலிச் சொம்புகளும் உண்டு என்பதால், நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

தவழும் குழந்தையின் உலகமே தரைதான். கையை ஊன்றும், அதே கையை வாயில் வைக்கும், ஜன்னல் திட்டைப் பிடித்து எழுந்து கம்பியைக் கடிக்கும். வாய் வழியே போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக இருந்தால் அது இன்னும் கூடும். சுவரைச் சுரண்டித் தின்னும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தசோகையும் இருக்கும். அதாவது, ஈயத்தை அதிகம் விழுங்கும் குழந்தையின் உடல்தான் அதை அதிகம் உறிஞ்சவும் செய்கிறது.

மூளை வளரும் வயதில் ஈயம் செய்யும் சேதம் பெரும்பாலும் திரும்பச் சரியாவதில்லை. கவனக்குறைவு, கற்பதில் பின்தங்குதல், சிடுசிடுப்பு என அது வெளிப்படும். ‘பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். வயிற்றுவலி, மலச்சிக்கல், பசியின்மை வரலாம். எந்த அறிகுறியுமே இல்லாமலும் இருக்கலாம். ‘இந்த அளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. 100 மில்லி ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். ஈயம் கூடிய குழந்தைகளிடம் கவனச்சிதறலும் பதற்றமும் கூடுதலாக இருந்ததை ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின. ஈயம் வந்துசேரும் வழிகள் பல. அவற்றில் நம் கையாலேயே அடைக்கக்கூடிய வழி, வீட்டுத் தூசி.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்த வழியை ஒரு கண் மருத்துவர் 1904-லேயே அடையாளம் காட்டினார். லாக்ஹார்ட் கிப்ஸன் என்பது அவர் பெயர். குழந்தைகள் விளையாடும் வராந்தாக் கம்பிகளில் வெயிலில் பொடிந்த பெயின்ட், பிஞ்சு விரல்களில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்றார். அங்கே சட்டம் வந்தது 1922-ல். நம் வீட்டுத் திண்ணைக் கம்பிகளும் அதே போன்ற வெயிலில்தான் காய்கின்றன.

தாயின் எலும்பில் தங்கும் ஈயம்

உடலில் சேரும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கி, பல வருடங்கள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, அந்த ஈயமும் ரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை எட்டும். பழைய சேமிப்பே இப்படி இருக்க, புதுத் தூசி வேறு எதற்கு? அதனால், பெயின்ட் சுரண்டும் வேலை மகள் வருவதற்கு முன்பே முடிந்து, வீடு ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்டாள் என்றால், வேலை முடியும்வரை சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ இருக்கட்டும்.

என்ன செய்யலாம்?

• பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அதன் மேலேயே ஈயமில்லாத பெயின்டைப் பூசலாம். திறந்து மூடும்போது உரசும் ஜன்னல், கதவு விளிம்புகளை மட்டும் அடிக்கடி கவனியுங்கள்.

• சுரண்டியே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். மெஷின் வைத்து வறட்சியாகத் தேய்ப்பதும், நெருப்பு காட்டிப் பொசுக்கி எடுப்பதும் கூடாது.

• சாமான்களை வெளியேற்றி, தரையில் பிளாஸ்டிக் விரித்து, அறையை மூடி வேலை செய்யட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

• பெருக்காதீர்கள், துடையுங்கள். சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. சுரண்டிய செதில்களைக் கவரில் கட்டிப் போடுங்கள். கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

• பழைய பெயின்ட் கதவையும் ஜன்னலையும் உடைத்து வெந்நீர் அடுப்பில் எரிக்காதீர்கள். போகிக்கும் வேண்டாம். புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும்.

• புது டப்பா வாங்கும்போது, ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்ற வரியை லேபிளில் தேடுங்கள். சட்டம் வந்த பிறகும் சில சிறிய பிராண்டுகள் வரம்பை மீறியது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. விலை மலிவு என்று லேபிள் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

• குழந்தைக்குச் சாப்பிடும் முன் கை கழுவிவிடுங்கள். கேழ்வரகு, பால், கீரை, நெல்லிக்காய் சாப்பாட்டில் இருக்கட்டும். உள்ளே போன ஈயத்தை இவை வெளியேற்றிவிடாது. ஆனால், சத்துக் குறைவில்லாத உடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

குழந்தை சுவரையோ பெயின்டையோ சுரண்டித் தின்றால், அல்லது வீட்டில் தூசி பறக்க வேலை நடந்திருந்தால், குழந்தைகள்நல மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு கூடியிருந்தால் முதல் சிகிச்சை, ஈயம் வரும் வழியை அடைப்பதுதான். ஈயத்தை வெளியேற்றும் மருந்து அளவு மிக அதிகமானவர்களுக்கு மட்டுமே, அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். ‘நச்சு நீக்கும்’ சூரணம் என்று யார் கொடுத்தாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பெயின்டர் அண்ணனிடமும் இதைச் சொல்லுங்கள். நாள் முழுக்க அந்தத் தூசியில் நிற்பவர் அவர்தான். கர்ச்சீப்பைக் கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கை, முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்ள அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும்.