ரோஜாவும் குழந்தைதான்

திருவனந்தபுரம் தம்பானூரில் கைரளி, நிளா, ஸ்ரீ என மூன்று திரையரங்குகள் இயங்குகின்றன. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்திற்குச் சொந்தமான இவை, கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் முக்கிய அரங்குகள். 2008இல் அவ்விழா சிறந்த மலையாளப் படத்திற்கான சர்வதேச விமர்சகர் விருதை, அஞ்சலி மேனன் இயக்கிய முதல் முழுநீளப் படமான 'மஞ்சாடிக்குரு'வுக்கு அளித்தது. ஆனால் படம் பொதுத்திரைக்கு வந்தது 2012இல்தான். குழந்தைகளின் படத்திற்குச் சந்தை தரும் இடம் அவ்வளவே.

கதை நிகழும் ஆண்டு 1979. தாத்தாவின் மரணத்திற்காக வளைகுடாவிலிருந்து ஊர் வருகிறான் சிறுவன் விக்கி. 16 நாள் சடங்கிற்குக் கூடிய பெரியவர்களின் கண் சொத்தின் மீது. பிள்ளைகளின் மனம் விளையாட்டில். அதே வயதுச் சிறுமி ரோஜாவோ அவ்வீட்டின் வேலைக்காரி; தமிழ்நாட்டிலிருந்து வந்தவள்.

வேலையின்மை மலையாளி இளைஞர்களைக் கடல்கடந்து அனுப்பிய காலம் அது. வறுமையோ தமிழ்ச் சிறுமியை அவர்கள் ஊரின் அடுக்களைக்கு அனுப்பியது. இந்த வர்க்க உண்மையைப் படம் பிள்ளைகளின் கண்களால் காண்கிறது. இதைப் பழைய நினைவுகளின் இனிமையாக மட்டும் கொண்டாடுவது பிழை.

14 வயதிற்குட்பட்டோரை வீட்டுவேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபரில் தடைசெய்யப்பட்டது. மோடி அரசின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமோ, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' எனக் கொல்லைப்புற வாசலைத் திறந்துவிட்டது. விவசாய நெருக்கடியும் வேலையின்மையும் முற்றும்போது அவ்வாசல் வழியே முதலில் தள்ளப்படுவோர் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளே.

ரோஜா தமிழ்நாட்டுக் குழந்தை. அவள் கதையைத் தமிழ்நாட்டுக் கிளைகள் குழந்தைகளோடும் பெற்றோரோடும் அமர்ந்து பார்த்து விவாதிக்க வேண்டும்.