மலைக்குப் போகும் வழி ஊருக்குச் சொந்தம்: மூதூர் மக்களின் கோரிக்கைச் சாசனம்

மூதூர் பிரதேச சபைக்கும், மூதூர், சேருவில, வெருகல் பிரதேச செயலகங்களுக்கும், திருகோணமலை மாவட்டச் செயலகத்துக்கும், கிழக்கு மாகாண சுற்றுலாத் துறையினருக்கும், வனப் பாதுகாப்பு, வனசீவராசிகள், தொல்பொருள் திணைக்களங்களுக்கும் நாங்கள் முன்வைப்பது.

விடியற்காலையில் மூதூர் இறங்குதுறையில் நின்றால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கோணேசர் மலை தெரியும். அந்த மலையை உலகம் அறியும். எங்கள் முதுகுப் பக்கம் நிற்கும் மலைகளை அறிந்தவர்கள் குறைவு. மூன்றாம் கட்டை மலை, 64ஆம் கட்டை மலை, சூடைக்குடா மத்தளமலை, இராஜவந்தான் மலை, தெற்கே கல்லடியில் நீலியம்மன் குடிகொண்ட மலை என்று அவை வரிசையாக நிற்கின்றன. மலைநாட்டுச் சிகரங்களுக்குப் பக்கத்தில் இவை சிறு குன்றுகள்தான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒற்றையடிப்பாதை உண்டு. விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள், மாடு சாய்த்துச் சென்றவர்கள், நேர்த்திக்கடன் தீர்க்க ஏறியவர்கள் என்று எத்தனையோ கால்கள் மிதித்துப் போட்ட வழிகள் அவை.

கச்சான் காற்று வீசத் தொடங்கும் மாதங்களில் அந்த வழிகளில் நடந்து பார்க்க வேண்டும். பாலை மரத்தடியில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் உதிர்ந்து கிடக்கும். இரண்டு பழம் வாயில் போட்டால் பால் பசை உதட்டில் ஒட்டிக்கொள்ளும். மரம் அடர்ந்த இடம் முடிந்ததும் மொட்டைப்பாறை தொடங்கும். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால்தான் எங்கள் பெரியவர்கள் வெயிலுக்கு முன் ஏறி, வெயிலுக்கு முன் இறங்கினார்கள்.

இந்த வழிகள் எங்களிடமிருந்து மெல்லக் கைநழுவிப் போகின்றன. 2006ஆம் ஆண்டுப் போரில் மூதூரே இடம்பெயர்ந்தது. அப்போது வெளியேறிய அயலூரான சம்பூர் மக்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். ஒன்பது ஆண்டுகள் ஆள் நடக்காத பாதையில் பற்றை வளரும். பற்றை வளர்ந்த இடத்தில் வேலி வரும். வேலி வந்த பிறகு அங்கே ஒரு பாதை இருந்தது என்பதற்குக் கிழவர்களின் நினைவைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

எங்கள் ஊர் வழிகளுக்கு வரலாறும் உண்டு. ஆங்கிலேய மாலுமி ரொபட் நொக்ஸ் 1660இல் சிறைபிடிக்கப்பட்டது இந்தக் கொட்டியாரத்தில்தான். இங்கிருந்து கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோகப்பட்ட அவர், 19 ஆண்டுகள் கழித்துத் தப்பி மேற்கே அரிப்புக் கோட்டையை அடைந்தார். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கடலைச் சேருவதும் எங்கள் குடாவில்தான். மலைநாட்டையும் இந்தக் கரையையும் ஆறும் வழியும் எப்போதோ இணைத்துவிட்டன.

ஆகவே நாங்கள் கோருவது:

1. பாதைகளை அளந்து பதிவு செய்யுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக, ஊர்ப் பெரியவர்களை முன்னே நடக்கவிட்டு, ஒவ்வொரு மலைப்பாதையையும் கரையோர வழியையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பொதுவழி என்று பிரதேச சபை தன் பதிவேட்டில் எழுத வேண்டும். 1863இல் எழுப்பப்பட்ட பவுல் முனை வெளிச்சவீட்டுக்குப் போகும் வழியும் அதில் இடம்பெற வேண்டும்.

2. ஒரு பாதையை மூடினால் மாற்றுப்பாதை தாருங்கள். சுவிற்சர்லாந்து மக்கள் 1979இல் வாக்களித்து, நடைபாதைகளையும் மலைப்பாதைகளையும் தங்கள் அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதன்படி வந்த சட்டம், ஒரு பாதை எடுக்கப்பட்டால் அதற்கு ஈடாக இன்னொன்றை அமைக்கச் சொல்கிறது. அந்த அல்ப்ஸ் அடிவாரங்களில் எங்கள் உறவுகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் நடக்கும் உரிமை இங்கே எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

3. வழிகாட்டிப் பலகை நடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். ஊர் வழங்கும் பெயரையே எழுதுங்கள். புதுப்பெயர் சூட்ட வேண்டாம். தூரத்தோடு நடக்கும் நேரத்தையும், தண்ணீர் கிடைக்கும் இடத்தையும், வெயிலுக்கு முன் திரும்ப வேண்டிய மணியையும் குறியுங்கள்.

4. உயிருக்கு உத்தரவாதம் தாருங்கள். போர் நடந்த மண் இது. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற சான்று இல்லாத எந்தப் பாதையையும் திறக்கக் கூடாது. அந்தச் சான்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். யானை நடமாடும் இடங்களில் அந்திக்குப் பிறகு பாதை மூடப்பட வேண்டும். யானையின் வழித்தடத்தை மறித்துப் பாதையோ விடுதியோ அமைக்கக் கூடாது.

5. மலையை உடைக்காதீர்கள். பாதை ஏறும் எந்த மலையிலும் கல்லுடைக்க அனுமதி வழங்கும் முன் ஊர்க்கூட்டம் நடத்தி மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். வெட்டிய மரம் மறுபடி துளிர்க்கும். உடைத்த மலை வளராது.

6. மலைகளை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம். இருக்கும் வழிபாடு தடையின்றித் தொடர வேண்டும். பாதையோர மலைகளில் எந்தச் சமயத்தின் பெயராலும் புதுக் கட்டடம் எழக் கூடாது. தொல்பொருள் எல்லை குறிக்கும்போது ஊராரை அருகில் வைத்துக்கொண்டு குறியுங்கள். எல்லைக்குள் வரும் நடைவழியைத் திறந்தே விடுங்கள்.

7. வருமானம் ஊரில் தங்கட்டும். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை, 300 கிலோமீற்றருக்கு மேல் 22 பிரிவுகளாகத் தேயிலைத் தோட்டங்களினூடே போகிறது. பழைய தோட்டப் பாதைகளைச் சேர்த்துக் கட்டியே அதை உருவாக்கினார்கள். இங்கும் அதேபோல் இருக்கும் வழிகளைக் கொண்டே செய்யலாம். வழிகாட்டிகள் எங்கள் இளைஞர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு முதலுதவியும் மொழியும் கற்றுக்கொடுங்கள். தயிரும் தேனும் விற்கும் பெண்களுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் நிழலும் இடமும் கொடுங்கள்.

8. பழைய யாத்திரை வழிகளோடு இணையுங்கள். சேருவிலவிலிருந்து மகாவலிக் கரையோரமாகச் சிவனொளிபாதமலை வரை செல்லும் தொன்மையான யாத்திரை வழியை, இலங்கை 2010இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த வழி தொடங்குவது எங்கள் அயலில். முடிவது 2,243 மீற்றர் உயரத்தில், நான்கு சமயத்தாரும் தொழும் சிகரத்தில். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை அடியார்களும் வெருகல் முருகனை வணங்கியே தெற்கே நடக்கிறார்கள். அவர்களுக்கு நிழலும் குடிநீரும் மலசலகூடமும் ஆண்டு முழுவதும் வேண்டும்.

9. மலைப்பாதையை உயிர்காக்கும் வழியாக்குங்கள். 2004இல் சுனாமியாகக் கடல் வந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியாக எங்களை வந்தடைந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. தாழ்நிலத்தில் வாழும் எங்களுக்கு மேட்டுக்குப் போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அந்த வழியில் நடத்திக் காட்ட வேண்டும்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். மாரி முடிந்ததும் பற்றை வெட்டச் சிரமதானத்துக்கு வருவோம். பொலித்தீனையும் போத்தலையும் மலையில் விடமாட்டோம். காய்ந்த காட்டில் தீ மூட்டமாட்டோம். அடுத்த ஊரான் வணங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டே நிற்போம்.

நாங்கள் புது வீதி கேட்கவில்லை. பெருந்தொகைத் திட்டமும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் வழிகளை எழுத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். அந்த வழிகளை அறிந்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களால் முன்னே நடந்து காட்ட முடிகிற இந்தக் காலத்திலேயே அளவுநாடாவோடு வாருங்கள். எந்தக் கிழமை வந்தாலும், வெயில் ஏறும் முன் மலையடியில் காத்திருப்போம்.