பந்து வராத பக்கம்

டாக்குரியா ரயில் நிலையத்தில் இறங்கி ஏரிப் பக்கம் நடந்தால் ரவீந்திர சரோவர் ஸ்டேடியம். ஏரியைச் சுற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போனால், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட். 2016-ல் இந்த ஸ்டேடியத்துக்குத் திடீர் யோகம் அடித்தது. மறு ஆண்டு நடக்கவிருந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்காக சால்ட் லேக் ஸ்டேடியம் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்ததால், இந்தியன் சூப்பர் லீகில் அட்லெடிகோ டி கொல்கத்தா அணி இங்கே குடியேறியது.

ஜனங்கள் பார்க்க வந்தது போர்ச்சுகலின் ஹெல்டர் போஸ்டிகாவையும் கனடாவின் இயன் ஹ்யூமையும். வலது ஓரத்தில், பின்வரிசையில் ஆடிய உத்தர்பாரா இளைஞர் பிரீதம் கோட்டாலுக்காக டிக்கெட் வாங்கியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். சைடு பேக்கின் தலையெழுத்து அது. கோல் போடுகிறவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவன் பெயர், அவன் ஒரு தப்பு செய்தால்தான் வரும்.

அப்படியானால் 19 வயதில் ஒரு பையன் சைடு பேக்காக வந்து நிற்கும்போது, அவன் தேறுவான், தேறமாட்டான் என்று எதை வைத்துச் சொல்வது? விளையாட்டுலகின் கஷ்டமான கேள்விகளில் இது ஒன்று. கோடி கோடியாகச் செலவழிப்பவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் கையால் எறிகிறார்கள், சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். அதில் நம் சைடு பேக்குக்குப் பங்காளி, கார்னர்பேக். ஓரமாகப் பாய்ந்து வரும் எதிரணி ரிசீவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, அவர் கைக்குப் பந்து சேராமல் தடுப்பது வேலை. எங்கே திரும்பப் போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது. பெரும்பாலும் பின்பக்கமாகவே ஓடி, நொடியில் இடுப்பைத் திருப்பிப் பாய வேண்டும்.

அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பங்கு போட்டுக்கொள்வதற்குப் பெயர் டிராஃப்ட். 1936-லிருந்து நடக்கிறது. இப்போது 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அதற்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரில் பெரிய பரிசோதனை. எடை, உயரம், கை நீளம், தாண்டும் உயரம் எல்லாம் அளக்கிறார்கள். 40 கஜம் ஓடும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு வரை குறிக்கிறார்கள். இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது?

2014 டிராஃப்டில் எட்டாவது ஆளாக கிளீவ்லாண்ட் அணி எடுத்தது ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் கில்பர்ட்டை. 40 கஜத்தை 4.37 விநாடியில் ஓடியவர். மூன்று சீசனுக்கு மேல் அவர் தாக்குப்பிடிக்கவில்லை. அதே ஆண்டு, வெஸ்ட் அலபாமா என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் மால்கம் பட்லரை ஏழு சுற்றிலும் ஒருவரும் சீண்டவில்லை. நியூ இங்கிலாந்து அணி பிற்பாடு சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். கடைசி அரை நிமிடம், எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம். சியாட்டில் அணி எறிந்த பந்தை நடுவில் பாய்ந்து பிடித்தார் பட்லர். 28-24 என்று கோப்பை நியூ இங்கிலாந்துக்கு. இதே உத்தியைப் பயிற்சியின்போது தன் அணிக்காரர்களே ஆடிக் காட்டியபோது அவர் தாமதமாக வந்து ஏமாந்திருந்தார். ஒருமுறை ஏமாந்ததை மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் குணத்தை அளக்க இண்டியானாபோலிஸில் கருவி இல்லை.

புள்ளிவிவரமும் இந்த இடத்தில் காலை வாரிவிடும். நல்ல கார்னர்பேக் இருக்கும் பக்கம் எதிரணி பந்தை எறியாது. ஆகவே அவர் பெயருக்கு நேரே எண்ணிக்கை குறைவாக இருக்கும். சுமாரான ஆள் பக்கம் பத்து முறை பந்து வரும். இரண்டைத் தடுத்தால் கணக்கில் ஏறிவிடும். நம் கால்பந்திலும் இதே கதை. விங்கர் வலது பக்கம் முயன்று பார்த்துவிட்டு, சரிப்படாமல் இடது பக்கத்துக்கு மாறிக்கொள்கிறார் என்றால், வலது சைடு பேக்குக்கு அதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்? எந்தப் பட்டியலிலும் அது ஏறாது.

நம் நாட்டிலும் டிராஃப்ட் வந்தது, 2014-ல், சூப்பர் லீகோடு. கல்லூரியிலிருந்து அல்ல, ஏற்கெனவே கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களிலிருந்து. கிரிக்கெட் மாதிரி ஏலம் கிடையாது. விலை முன்கூட்டியே நிர்ணயம், அணிகள் முறை வைத்து எடுத்தன. 2017-ல் மும்பையில் நடந்த டிராஃப்டில் முதல் ஆளாக ஜாம்ஷெட்பூர் அணி எடுத்தது மலப்புரத்து ஸ்டாப்பர் அனஸ் எடத்தொடிகவை, 1.10 கோடி ரூபாய்க்கு. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு முதல் மரியாதை கிடைத்த அபூர்வமான நாள். கோட்டாலை 75 லட்சத்துக்கு டெல்லி அணி எடுத்தது. அதற்குப் பிறகு அந்த முறையையே கைவிட்டார்கள். கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன.

அனஸும் கோட்டாலும் பல சீசன் ஆடித் தேறியவர்கள். அவர்களை எடைபோடுவது பெரிய வித்தை இல்லை. பெயர் தெரியாத பையன்கள் விஷயம்தான் வேறு. ஏரிக்கு அருகே ஒரு தேர்வு முகாமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேர ஆட்டம், முதுகில் எண் ஒட்டிய பையன்கள். இடது சைடு பேக்காக நின்றவன் பக்கம் பந்து வந்தது மூன்றே முறை. எதிர்ப் பக்கம் பந்து இருக்கும்போதெல்லாம் அவன் உள்ளே நகர்ந்து, தோளைத் திருப்பித் தன் ஆளைப் பார்த்துக்கொண்டு, ஸ்டாப்பரைக் கூப்பிட்டு இடம் சொல்லிக்கொண்டே இருந்தான். குறித்துக்கொள்ள வேண்டியவர் பந்தோடு போய்விட்டார். பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்க்க நடந்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இடுப்பைப் பாருங்கள்: விங்கர் திசை மாற்றும்போது ஒரே அடியில் திரும்புகிறானா, இரண்டு மூன்று குட்டி அடி வைத்துத் தடுமாறுகிறானா? கண்ணைப் பாருங்கள்: பந்தையே முறைக்கிறானா, ஆளையும் பந்தையும் சேர்த்துப் பார்க்கிறானா? சகதியில் விழுந்து சறுக்கித் தடுப்பதற்குக் கைதட்டல் கிடைக்கும். அது பெரும்பாலும் இரண்டு அடி முன்னதாக நிற்கத் தவறியதற்கான பரிகாரம். எல்லாவற்றையும்விட, ஒருமுறை ஏமாந்த பிறகு வரும் ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். பயந்து பின்வாங்குகிறானா, ஆத்திரத்தில் மோதுகிறானா, அதே தந்திரம் இரண்டாவது முறை பலிக்காமல் பார்த்துக்கொள்கிறானா?

ஆட்டக்காரர் தவறான இடத்திலும் நிற்கலாம். 1962 ஜாகர்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது கோல் காத்த பீட்டர் தங்கராஜ், ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். பிறகுதான் கோல்கீப்பரானார். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளும் பின்னர் அவரைத் தேடிச் சேர்த்துக்கொண்டன. ஃபார்வர்டாகவே அவரை எடைபோட்டுத் தள்ளியிருந்தால் யாருக்கு நஷ்டம்?

டாக்குரியாவில் யாரும் கவனிக்காத அந்த வலது சைடு பேக் பின்னாளில் ஸ்டாப்பராகவும் ஆடினார். 2016, 2019-20, 2022-23 என்று மூன்று முறை சூப்பர் லீக் கோப்பை வென்ற அணிகளில் இருந்தார். கடைசித் தடவை கேப்டனாக. அவரை யாரோ ஒருவர், எப்போதோ ஒரு நாள், பந்து வேறு பக்கம் இருந்தபோதும் கவனித்திருக்க வேண்டும்.

தேர்வு முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரே யோசனை. ஒவ்வொரு சைடு பேக்குக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, பந்தை மறந்துவிட்டு அவனை மட்டும் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் விலையைவிடச் சிக்கனம். ரயிலேறிப் போன பையன் மறுபடி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.