காசநோய் தினம்: விழிப்புணர்வு யாருக்குத் தேவை?

பெங்களூரு: உலக சுகாதார தினம், மலேரியா தினம், புகையிலை எதிர்ப்பு தினம், எய்ட்ஸ் தினம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் நாள்காட்டியில் தினங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் வரவிருக்கும் மார்ச் 24, உலக காசநோய் தினம், மற்றவற்றைப் போன்றதல்ல. 2025-ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு தனக்குத்தானே விதித்துக் கொண்ட கெடு கடந்துவிட்ட நிலையில் அது வருகிறது.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்ததன் நினைவாகவே இந்தத் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. உலக நாடுகள் 2030-ஐ இலக்காக வைத்திருக்க, இந்தியா ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அதை எட்டும் என்று 2018 மார்ச்சில் தில்லியில் நடைபெற்ற மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் எண்ணிக்கை 2024-ல் 187 ஆகக் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இது 21 சதவீதக் குறைவு. உலக அளவில் ஏற்பட்ட குறைவோ 12 சதவீதம்தான். பெருமைப்படத் தக்க முன்னேற்றம் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேசிய செயல்திட்டம் 2025-க்கு நிர்ணயித்த எண் 44. உலகின் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இன்றும் இந்தியர்.

இந்த இடைவெளிக்கு அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் வழக்கமாகக் கூறும் காரணம், மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்பது. சுவரொட்டி, பேரணி, உறுதிமொழி ஏற்பு, திரைப்பட நடிகரின் விளம்பரம் என்று ஆண்டுதோறும் நடைபெறும் அனைத்தும் இந்த நம்பிக்கையின் மீதே எழுப்பப்பட்டவை. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்த நகரம் பெங்களூரு.

பெல்லாரி சாலையில் உள்ள தேசிய காசநோய் நிறுவனத்தை 1960 செப்டம்பரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதற்குத் துணை நின்றன. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்த டென்மார்க் மருத்துவர் ஹாஃப்டன் மாலர், அந்நாளில் இந்தியக் காசநோய்ப் பணியில் இருந்தவர். இந்த நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் அருகில் உள்ள துமகூரு மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 1963-ல் வெளியானது. கிராம மக்களுக்கு நோய் பற்றித் தெரியாது, எனவே அவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பதே அதுவரை எல்லோருடைய எண்ணமாக இருந்தது. ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் தோன்றிய அறிகுறிகளை உணர்ந்தே இருந்தனர். முக்கால்வாசிப் பேர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் மருத்துவ நிலையங்களின் வாசலுக்கே சென்றிருந்தனர். அங்கே அவர்களின் சளியைப் பரிசோதிக்க ஆளில்லை. இருமல் மருந்துப் புட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நோயாளி விழித்திருந்தார், விழிக்காதது மருத்துவமனை. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டத்தைத் தனி மருத்துவமனைகளோடு நிறுத்தாமல் பொது சுகாதார நிலையங்களோடு இணைத்ததற்கு இந்தப் பெங்களூரு சிந்தனையே அடிப்படை. (அதே காலகட்டத்தில், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடுவதும் சானடோரிய சிகிச்சைக்கு இணையான பலன் தரும் என்று நிரூபித்தது சென்னையில் இருந்த காசநோய் ஆய்வு மையம். காசநோய்க்கான உலகளாவிய அணுகுமுறையை மாற்றியதில் தென்னகத்தின் இவ்விரு நகரங்களுக்கும் உள்ள பங்கு தில்லியில் அதிகம் பேசப்படுவதில்லை.)

இன்றைய நிலை வேறு என்று வாதிடுவோர் உண்டு. 2019-21-ல் நடத்தப்பட்ட தேசிய காசநோய்ப் பரவல் ஆய்வில், அறிகுறி உள்ளவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் சிகிச்சை நாடவில்லை என்றும், அவர்களில் பெரும்பாலோர் அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்றும் தெரியவந்தது. இதைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. பிரசாரத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் இருமலைப் பொருட்படுத்தாதவர் எல்லோரும் அறியாமையால் அவ்வாறு செய்கிறார் என்று கொள்ள முடியாது. ஒருநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க முடியாதவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். மேலும், அதே ஆய்வில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் மார்பு எக்ஸ்-ரே எடுத்ததால் மட்டுமே பிடிபட்டனர். இரண்டு வாரம் இருமல் இருந்தால் வாருங்கள் என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இவர்களை எட்டாது. அதற்கு எக்ஸ்-ரே கருவி ஊருக்குள் செல்ல வேண்டும். 2024 டிசம்பர் 7-ல் 347 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட நூறு நாள் இயக்கம் இதைச் செய்ய முயன்றது. வரவேற்கத்தக்கது. எனினும், நூறு நாளுக்குப் பிறகு வரும் நாள்களிலும் கருவியும் அதை இயக்குவோரும் அங்கே இருக்கிறார்களா என்பதே கேள்வி.

மருந்தின் கதை இன்னும் வருத்தம் தருவது. 2024 மார்ச் மாதம், காசநோய் தினக் கொண்டாட்டத்துக்குச் சில நாள்களே இருந்த நேரத்தில், மருந்துகள் வந்து சேருவதில் தாமதம் ஏற்படலாம் என்றும், தேவையானதை உள்ளூரிலேயே வாங்கிக் கொள்ளுமாறும் மாநிலங்களுக்கு மத்திய அமைச்சகம் எழுதியது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறும் என்பது இதே அமைச்சகத்தின் விளம்பரங்களில் இடம்பெறும் வாசகம். அந்த விளம்பரம் நோயாளியை நோக்கிப் பேசியது. அமைச்சகத்தை நோக்கி யார் பேசுவது?

உணவு விஷயத்தில் கர்நாடகத்திலிருந்தே மற்றொரு சான்று கிடைத்திருக்கிறது. மங்களூரு யேனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்டோர் ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளியானது. நோயாளியின் குடும்பத்தினர் அனைவருக்கும் சத்தான உணவுப் பொருள்கள் வழங்கியதில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மத்திய அரசு நோயாளிக்கு அளிக்கும் மாத ஊட்டச்சத்து உதவியை 2024 நவம்பர் முதல் ரூ.500-லிருந்து ரூ.1,000 ஆக உயர்த்தியது நல்ல முடிவு. அந்தத் தொகை சிகிச்சைக் காலத்திலேயே நோயாளியின் வங்கிக் கணக்குக்குச் சேர்ந்ததா என்ற விவரம் மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

தமிழகம் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் ஆரவாரம் குறைவு. புதிதாகக் கண்டறியப்படும் நோயாளியின் எடை, மூச்சுத் திணறல், எழுந்து நிற்கும் வலிமை ஆகியவற்றைச் செவிலியரே பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாடு அது. இங்கே விழிப்புணர்வு ஊட்டப்படுவது ஊழியருக்கு.

மார்ச் 24 பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடர் நடைபெறும் காலத்தில் வருகிறது. அன்றைய தினம் உறுப்பினர்கள் உறுதிமொழி ஏற்பதோடு நின்றுவிடாமல், ஓர் அறிக்கையை இரு அவைகளிலும் தாக்கல் செய்யுமாறு சுகாதார அமைச்சரைக் கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை மாதங்களுக்கு மருந்து இருப்பு உள்ளது, எத்தனை எக்ஸ்-ரே கருவிகள் இயங்குகின்றன, ஊட்டச்சத்து உதவி எத்தனை பேருக்கு நிலுவை, 44 என்ற இலக்குக்குப் புதிய கெடு எது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். கேள்வி நேரத்தில் சராசரி எண்களைப் படித்துவிட்டு அமைச்சர்கள் அமர்ந்துவிடுவது நீண்டகால வழக்கம். துணைக் கேள்வி எழுப்ப வேண்டிய பொறுப்பு, காசநோயாளிகள் அதிகமுள்ள மாநிலங்களின் உறுப்பினர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.