ஞாயிற்றுக்கிழமை யார் சமைப்பது?

காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டில் நாலு மணிக்கே அடுப்பு பற்ற வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதை. கணவனுக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு ஒரு ஷிப்டு, பிள்ளையின் பள்ளி வேனுக்கு இன்னொரு நேரம். எல்லோருக்கும் எல்லா வேளையும் சுடச்சுடப் புதிதாகச் சமைக்க வேண்டும் என்றால் அந்த வீட்டு அம்மா எப்போது தூங்குவார்?

இதற்குப் பலரும் சொல்லும் வழி, லீவு நாளில் மொத்தமாகச் சமைத்து, வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, பிரீசரில் வைத்துக்கொள்வது. நல்ல வழிதான். ஆனால் இதைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி: "பழசையா பிள்ளைக்குப் போடுவது?"

வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கேட்கும் வீட்டிலேயே ஞாயிறு அரைத்த இட்லி மாவு புதன் வரைக்கும் வருகிறது. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, வடகம், ஊறுகாய் எல்லாமே ஒரு நாள் உழைத்துப் பல நாள் சாப்பிடும் சமையல்தான். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று சொல்லாத வீடு உண்டா? முன்கூட்டியே செய்து வைக்கும் பழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. புதிதாக வந்தது பிரீசர் மட்டுமே!

ஆனாலும் பெரியவர்களின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால்தான் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் பிழைத்து, சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். ஆக, தப்பு பழசில் இல்லை, ஆற வைக்கும் விதத்தில் இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் மூடி வைத்த குழம்பின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதையே அகலமான சின்ன டப்பாக்களில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் உள்ளே போகும்.

எல்லா உணவும் பிரீசருக்கு ஒத்துவராது. உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிவிடும். தயிர் திரிந்து தண்ணீர் விடும். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு பிரிந்து போகும். கொண்டைக்கடலை மசாலா, வேகவைத்த பருப்பு, வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலா, துருவிய தேங்காய், இட்லி, சப்பாத்தி போன்றவை நன்றாகத் தாங்கும். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். எடுத்ததை நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது, ஆனால் எல்லாம் செத்தும் போகாது. ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது என்பதால் அதில் மாதக்கணக்கில் சேர்த்து வைப்பது சரிப்படாது. அதோடு மின்வெட்டு வேறு. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நாலைந்து நாளுக்கு மட்டும் செய்து வைப்பதுதான் இந்தப் பகுதிக்குப் பொருத்தம்.

சரி, டப்பாவும் தயார், பிரீசரும் தயார். அந்த ஞாயிற்றுக்கிழமை சமைப்பது யார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மத்திய அரசின 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஆறு நாள் ஆலையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஓய்வு நாள். அன்றும் காலை முதல் மாலை வரை ஆறு நாள் சமையலைச் செய்யச் சொன்னால் அது ஓய்வா, ஏழாவது ஷிப்டா?

கருவி வந்தால் மட்டும் இது மாறாது. இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது இதே காக்களூரில்தான். அதனால் அம்மாக்களின் கை வலி குறைந்தது உண்மை. ஆனால் மாவு அரைக்கும் நேரம் குறைந்ததே தவிர, அரைக்கும் ஆள் மாறவில்லை. பிரீசருக்கும் அதே கதி வரக்கூடாது.

வேலையை வேறு கைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவானது 2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு. அந்த உப்புமாவையும் பொங்கலையும் அம்மா கிண்டவில்லை என்பதற்காக அம்மாவின் பாசம் குறைந்துவிட்டதா என்ன?

வீட்டிலும் அப்படித்தான். ஞாயிறு இரண்டு மணி நேரம் போதும், மூன்று பண்டம் போதும். வெங்காயம் உரிக்க அப்பா, தேங்காய் துருவத் தாத்தா, டப்பாவில் தேதி எழுதப் பிள்ளை என்று பிரித்துக்கொண்டால் அது குடும்ப வேலை. ஷிப்டு முடிந்து முதலில் வீட்டுக்கு வருகிறவர் யாரோ அவர் டப்பாவை எடுத்துச் சூடு பண்ணட்டும். குழம்பைக் கொதிக்க வைக்க ஆண் பெண் கணக்கு எதற்கு?

புதன்கிழமை தட்டில் விழும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பார்த்து எந்த அம்மாவும் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. அந்தக் குழம்புக்காக ஞாயிறு முழுக்க அவர் மட்டும் அடுப்படியில் நின்றிருந்தால், வெட்கப்பட வேண்டியவர்கள் சாப்பிடுகிறவர்கள்தான்.